கலைப்பள்ளி இணையதள வடிவமைப்பை மதிப்பிட்டுரைத்தல்: யேல் கலைப்பள்ளித் தளத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கலைப்பள்ளியின் இணையதளம் அறிவிப்புப் பலகையாகவும் கலைப்படைப்பாகவும் ஒரே நேரத்தில் இயங்குகிறது. அதனால் அதன் வடிவமைப்பைப் பற்றிக் கருத்துரைப்பவர் எந்த அளவுகோலைக் கையிலெடுப்பது என்னும் சிக்கல் எழுகிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் கலைப்பள்ளி 2006இல் விக்கி முறையில் அமைத்துக்கொண்ட தளத்தைச் சான்றாகக் கொண்டு, சுவை சார்ந்த கருத்தையும் பயன்பாடு சார்ந்த குறையையும் பிரித்தறியும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது. வடிவமைத்தவரின் நோக்கம், அழகில்லை என்னும் குற்றச்சாட்டுக்கு விடையாகலாம். படிக்க இயலவில்லை என்னும் குற்றச்சாட்டுக்கு அது விடையாகாது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும். மதிப்பிடுவோர் முதலில் எழுப்ப வேண்டிய வினாக்களைத் தமிழ்ப் பாயிர மரபிலிருந்து பெற இயலும் என்பதும் எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இணையதள வடிவமைப்பு, பின்னூட்டம், கலைக்கல்வி, விக்கி, அணுகல்தன்மை, பாயிரம்

முன்னுரை

இணையதளம் ஒன்றைப் பார்வையிட்டு அதன் வடிவமைப்பைப் பற்றிக் கருத்துரை எழுதுமாறு காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கு ஒப்படைப்பு வழங்குவது இன்று வழக்கமாகிவிட்டது. அவ்வாறு எழுதப்படும் கருத்துரைகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் தொடர்கள் சிலவே. ‘வண்ணங்கள் கண்ணை உறுத்துகின்றன’, ‘தோற்றம் பழையதாக உள்ளது’, ‘நவீனமாக மாற்றலாம்’, ‘எளிமையாக உள்ளது, நன்று’. இவை பொய்யல்ல, எழுதியவருக்கு அவ்வாறே தோன்றியிருக்கிறது. ஆயினும் இவற்றைப் பெற்றுக்கொண்ட வடிவமைப்பாளர் மறுநாள் எதைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது என்பதை முடிவு செய்ய இத்தொடர்கள் துணை செய்வதில்லை.

மருத்துவமனை, வங்கி, தொடர்வண்டி முன்பதிவு ஆகியவற்றின் தளங்களைப் பொறுத்தவரை இக்குறை பெரிதாகத் தெரிவதில்லை. அங்கே தளம் எதற்காக இருக்கிறது என்பதில் ஐயமில்லை. சீட்டுப் பதிவாயிற்றா இல்லையா என்பதே போதிய அளவுகோல். கலைப்பள்ளியின் நிலை வேறு. காட்சியைக் கையாளக் கற்றுத்தருவதே அதன் தொழிலாதலால், அதன் தளத்தின் ஒவ்வொரு வண்ணமும் ஒரு கொள்கை அறிவிப்பாகப் படிக்கப்படுகிறது. அதே வேளையில் அத்தளத்தில்தான் சேர்க்கைக் கடைசி நாளும், கட்டண விவரமும், உதவித்தொகை விதிகளும் இருக்கின்றன. ஒருவர் அதைப் பார்க்க வருகிறார்; இன்னொருவர் அதில் ஒன்றைத் தேடி வருகிறார். இவ்விருவருள் யார் பொருட்டுக் கருத்துரைக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்தாத பின்னூட்டம், எவ்வளவு நுட்பமாக எழுதப்பட்டிருந்தாலும் பாதி வேலையையே செய்கிறது.

யேல் தளத்தின் பின்னணி

கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் கலைப்பள்ளி 1869இல் தொடங்கப்பட்டது. அப்பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு முதன்முதலில் இடமளித்த பள்ளியும் அதுவே. வரைகலை வடிவமைப்பு, ஓவியமும் அச்சுப்பதிவும், ஒளிப்படம், சிற்பம் ஆகிய நான்கு பிரிவுகளில் முதுநிலைப் படிப்பை வழங்குகிறது. 1950இல் ஜோசப் ஆல்பர்ஸ் அங்கு வடிவமைப்புத் துறையின் தலைவரானார். 1951இல் ஆல்வின் ஐசன்மன் பொறுப்பில் வரைகலை வடிவமைப்புப் படிப்பு தொடங்கியது. ஐ.பி.எம். நிறுவனத்தின் இலச்சினையை வடிவமைத்த பால் ராண்ட் அங்கு நெடுங்காலம் கற்பித்தார். ஒழுங்கு, சிக்கனம், துல்லியம் என்னும் சொற்களோடு சேர்த்தே இப்பள்ளியின் பெயர் வடிவமைப்பு வரலாற்றில் வழங்கி வந்துள்ளது.

இப்பின்னணியை அறிந்து 2006க்குப் பிறகு அதன் தளத்தைத் திறந்தவர்கள் திகைத்தனர். ஓடு பதித்தாற்போல் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட பின்னணிப் படங்கள், இடைவிடாது அசையும் சிறு சித்திரங்கள், ஒன்றோடொன்று மோதும் வண்ணங்கள் ஆகியவற்றின்மேல் செய்திப் பெட்டிகள் மிதந்தன. 1990களின் இறுதியில் ஜியோசிட்டீஸில் பொதுமக்கள் தாமே அமைத்துக்கொண்ட பக்கங்களை அது நினைவூட்டியது. உலகின் புகழ்பெற்ற வடிவமைப்புப் பள்ளிக்கு உலகின் மோசமான தளம் என்னும் கேலி வடிவமைப்பாளர்களிடையே நிலைத்துவிட்டது.

அத்தளத்தை உருவாக்கியது, டான் மைக்கேல்சன், தமாரா மாலெட்டிக் ஆகியோரின் லிங்க்டு பை ஏர் நிறுவனம். தளம் விக்கி முறையில் அமைந்தது. வார்டு கன்னிங்காம் 1995இல் முதல் விக்கியை வெளியிட்டபோது முன்வைத்த கருத்து எளிமையானது: பக்கத்தைப் படிப்பவரே அதைத் திருத்தவும் இயல வேண்டும். 2001இல் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியா வழியாக இக்கருத்து உலகறிந்ததாயிற்று. யேல் பள்ளி அதைத் தன் அதிகாரபூர்வத் தளத்துக்கே பொருத்தியது. மாணவர், ஆசிரியர், பணியாளர், முன்னாள் மாணவர் ஆகியோர் புதிய பக்கங்களைச் சேர்க்கலாம், இருப்பவற்றுள் பெரும்பாலானவற்றைத் திருத்தலாம், பின்னணியை மாற்றலாம். கடைசியாகத் திருத்தியவர் யார், திருத்தும் உரிமை எவருக்கு என்னும் குறிப்பும் பக்கத்தின் அடியில் இடம்பெற்றது. நிறுவனத்தின் செய்தித்தொடர்பு அலுவலகம் மெருகேற்றி வெளியிடும் முகமாக இல்லாமல், பள்ளியில் இருப்போர் கூடி எழுதும் சுவராக அத்தளம் கருதப்பட்டது. அது கூட்டு முயற்சியான ஒரு பரிசோதனை என்று தளமே தன்னைப் பற்றி அறிவித்துக்கொண்டது.

ஆகவே ‘ஒழுங்கில்லை’ என்ற கருத்துரை அங்குச் சென்று சேரும்போது அதற்குரிய விடை ஆயத்தமாகவே இருக்கிறது: ஒழுங்கைத் திணிப்பதில்லை என்பதுதான் முடிவு. இவ்விடத்தில் பின்னூட்டம் தோற்றுவிடுகிறது. கருத்துரைத்தவர் குறையாகக் கண்டதை உருவாக்கியவர் கொள்கையாகக் கொண்டிருக்கிறார். இருவரும் தத்தம் இடத்திலேயே நிற்கின்றனர்.

அச்சுத்தாளில் ஒரு முன்னோடி

கலைப்பள்ளி தன் அறிவிப்பையே ஆய்வுக்களமாக்குவது இணையத்தோடு பிறந்த வழக்கம் அன்று. 1919இல் வைமரில் தொடங்கி 1925இல் டெசாவுக்கு இடம்பெயர்ந்த பௌஹௌஸ் பள்ளி இதற்குத் தக்க சான்று. அங்கு மாணவராக இருந்து பின்னர் அச்சு, விளம்பரப் பட்டறையை நடத்திய ஹெர்பர்ட் பேயர், 1925 முதல் பள்ளியின் அச்சுத்தாள்களில் பெரிய எழுத்துகளை அறவே விலக்கினார். ஜெர்மன் மொழியில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் பெரிய எழுத்தில் தொடங்கும். எனவே அம்மொழியினரின் கண்ணுக்கு அது அலங்கார மாற்றமாகத் தெரியவில்லை. எழுத்திலக்கணப் பிழையாகவே தெரிந்தது. ஆனால் பள்ளி அதைத் தெரிந்தே செய்தது. ஒலியில் இல்லாத பெரிது சிறிது வேறுபாடு எழுத்தில் எதற்கு என்பது அதன் வாதம்.

அந்தத் தாளுக்கும் யேல் தளத்துக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. சிறிய எழுத்தில் அச்சிட்ட கடிதத்தைப் பெற்றவர் முகம் சுளித்திருக்கலாம். ஆயினும் படித்து முடித்திருப்பார். மரபை மீறிய அத்தாள் செய்தியைத் தடுக்கவில்லை. அசையும் படத்தின்மேல் மெல்லிய எழுத்தில் கிடக்கும் விண்ணப்ப விதியை அப்படிப் படித்து முடிக்க இயலுமா என்பதே மதிப்பீட்டாளர் கேட்க வேண்டிய வினா.

கேட்போரும் பயனும்

தமிழ் இலக்கண மரபில் ஒரு நூலுக்குள் நுழைவதற்கு முன்பு அறிய வேண்டியவற்றைப் பாயிரம் கூறுகிறது. பவணந்தி முனிவரின் நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்கு உரியனவாக எண்ணும் செய்திகளுள், ஆக்கியோன் பெயரோடு எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவை அடங்கும். காலம், களம், காரணம் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணுவது உண்டு. இவை நூலைப் புகழ்வதற்கோ பழிப்பதற்கோ உரிய அளவுகோல்கள் அல்ல. புகழவும் பழிக்கவும் தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டிய செய்திகள். இணையதள மதிப்பீட்டிலும் இந்த வரிசை பொருந்துவதை மாணவர்களின் ஒப்படைப்புகளைப் படிக்கும்போது உணர முடிகிறது. பெரும்பாலான கருத்துரைகள் பாயிரத்தைத் தாண்டிக் குதித்து நேரே குற்றத்துக்குச் சென்றுவிடுகின்றன.

யேல் தளத்துக்கு இவ்வினாக்களைப் பொருத்தலாம். காரணம் தெளிவு: கூட்டு வெளியீட்டுப் பரிசோதனை. கேட்போர் யார் என்னும் இடத்தில்தான் சிக்கல் முளைக்கிறது. ஒரு பிரிவினர் பள்ளிக்குள் இருப்போர். நாளை மாலை யாருடைய கண்காட்சி, எந்த அறையில் விருந்தினர் உரை என்பவை அவர்களுக்குத் தளம் இல்லாமலும் தெரியும். தளம் அவர்களுக்குத் தம் குரலைப் பதியும் இடம். மற்றொரு பிரிவினர் வெளியே இருப்போர்: விண்ணப்பிக்க எண்ணும் மாணவர், அவருடைய பெற்றோர், பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய ஆசிரியர். இவர்களுக்குத் தளத்தைத் தவிர வேறு வாயில் இல்லை. முதற்பிரிவினரின் சுதந்திரத்துக்கான விலையை இரண்டாம் பிரிவினர் செலுத்துகின்றனரா என்று ஆராயாமல் ‘துணிச்சலான வடிவமைப்பு’ என்று பாராட்டுவதும், ‘அருவருப்பான வடிவமைப்பு’ என்று தள்ளுவதும் ஒரே வகையான அவசரம்.

எல்லை என்பதற்கு இலக்கண உரைகளில் நூல் வழங்கும் நிலப்பரப்பு என்பது பொருள். இணையதளத்தின் எல்லை நியூ ஹேவனோடு முடிவதில்லை. கடைசி நாள் இரவு 11.59 மணி என்று மட்டும் ஒரு பள்ளி அறிவித்தால், அது எந்த ஊரின் மணி என்பது தொலைவிலிருப்பவருக்கு விளங்காது. அமெரிக்கக் கிழக்குக்கரையின் குளிர்கால நேரமாயின் சென்னையில் அப்போது மறுநாள் காலை 10.29. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறல் என்பது இதுதான். வண்ணத்தைப் பற்றி நாற்பது வரி எழுதும் மதிப்பீட்டாளர் கண்ணில் இந்த ஒற்றைச் சொல்லின் இன்மை படாமல் போவதுண்டு. வடிவமைப்பு என்றால் தோற்றம் மட்டுமே என்று கருதுவதன் விளைவு அது.

இணைப்பின் பெயரைக் கொண்டு அது எங்கே அழைத்துச் செல்லும் என்று ஊகிக்க முடியாதபோது அது மயங்க வைத்தல். கட்டண விவரம் தேடி வந்தவரை முழுத்திரைக் காணொளி ஒன்று மறித்து நின்றால் அதை மற்றொன்று விரித்தல் எனலாம். இப்பெயர்களை ஒட்டவைப்பதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். நூலுக்குச் சொன்ன குற்றங்கள் அனைத்தும் தளத்துக்குப் பொருந்துவதில்லை. கூறியது கூறல் நூலில் குற்றம். தளத்தில் விண்ணப்ப இணைப்பு எல்லாப் பக்கத்திலும் திரும்ப வருவதே நன்மை. ஏனெனில் நூலைப் படிப்பவர் முதல் ஏட்டிலிருந்து வருகிறார். தளத்துக்கு வருபவர் தேடுபொறி இறக்கிவிட்ட ஏதோ ஒரு பக்கத்தில் நிற்கிறார்.

அளந்து கூறத்தக்கவை

சுவை பற்றிய பேச்சிலிருந்து விலகி அளக்கத்தக்க ஒன்றைக் காட்ட முடிந்தால் பின்னூட்டத்தின் வலிமை மாறிவிடுகிறது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் வெளியிடும் வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள் இதற்கு உதவுகின்றன. அவற்றின் 2.0 பதிப்பு 2008இலும், 2.1 பதிப்பு 2018இலும், 2.2 பதிப்பு 2023இலும் வெளிவந்தன.

இவ்வழிகாட்டுதல்கள் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடுகின்றன. வெள்ளைத்தாளில் கறுப்பு எழுத்துக்கு அது 21க்கு 1. சாதாரண அளவு எழுத்துக்கு நடுநிலைத் தரத்தில் வேண்டப்படும் குறைந்த அளவு 4.5க்கு 1; பெரிய எழுத்துக்கு 3க்கு 1. இக்கணக்கைக் கொண்டு பார்த்தால் சில செய்திகள் வியப்பளிக்கும். திரையின் முழுச் சிவப்பை வெள்ளையின்மேல் இட்டால் ஏறத்தாழ 4க்கு 1தான் கிடைக்கிறது. பளிச்சென்று தெரிவதாக நாம் நம்பும் சிவப்பு எழுத்து, சிறிய அளவில், தேர்ச்சி பெறுவதில்லை. முழு நீலத்தின்மேல் முழுச் சிவப்பு ஏறத்தாழ 2.15க்கு 1. வெள்ளையின்மேல் மஞ்சள் 1.07க்கு 1, அதாவது எழுத்து இருப்பதே ஐயம்.

இங்கு ஆல்பர்ஸுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அவருடைய ‘வண்ணங்களின் ஊடாட்டம்’ என்னும் நூலை 1963இல் யேல் பல்கலைக்கழக அச்சகமே வெளியிட்டது. நிறம் தனித்து நிற்பதில்லை, பக்கத்து நிறத்தால் மாறிக்கொண்டே இருக்கிறது என்பது அந்நூலின் அடிப்படை. அதில் அதிரும் எல்லைகள் பற்றிய பகுதி ஒன்று உண்டு. எதிரெதிரான இரு நிறங்கள், ஒளிர்வில் ஏறத்தாழ ஒத்திருக்கும்போது, சந்திக்கும் விளிம்பு துடிப்பதுபோல் தோன்றும். அது கவனத்தை ஈர்க்கும், கண்ணை வருத்தவும் செய்யும். அணுகல்தன்மை வழிகாட்டுதல் எண்ணால் சொல்வதை அவர் கண்ணால் காட்டியிருந்தார். ஆகவே யேல் தளத்தின் ஒரு பக்கத்தில் சிவப்பும் நீலமும் மோதி எழுத்துத் துடிக்கும்போது, மதிப்பீட்டாளர் வெளியிலிருந்து ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து நீட்டத் தேவையில்லை. பள்ளியின் சொந்த வகுப்பறைப் பாடத்தையே எடுத்துக்காட்டலாம். அப்பாடம் துடிப்பைத் தடை செய்யவில்லை. துடிப்பு என்ன செய்யும் என்பதை அறிந்து பயன்படுத்தச் சொன்னது. முகப்பில் கண்காட்சி அழைப்புக்கு அத்துடிப்பு பொருந்தலாம். உதவித்தொகை விதிகளுக்குப் பொருந்தாது.

அசைவு பற்றியும் தெளிவான வரையறை உண்டு. தானே தொடங்கி, பிற உள்ளடக்கத்தின் அருகே 5 நொடிக்கு மேல் அசைந்துகொண்டிருக்கும் படத்தை நிறுத்தவோ மறைக்கவோ பயனருக்கு வழி இருக்க வேண்டும். ஒரு நொடியில் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னி மறையலாகாது; வலிப்பு நோய் உடையோருக்கு அது தீங்கு விளைவிக்கக்கூடும். 320 படப்புள்ளி அகலத்துக்குச் சுருக்கினாலும் பத்தியைப் படிக்கப் பக்கவாட்டில் உருட்ட நேரக்கூடாது. படங்களுக்கு மாற்று உரை இருந்தால்தான் திரைவாசிப்பான் அவற்றைப் பார்வையற்றோருக்குச் சொல்ல முடியும். கடைசி நாளைப் படமாக ஒட்டிவைத்து மாற்று உரை தராமல் விட்டால், அவருக்கு அந்த நாள் இல்லவே இல்லை.

இவ்வழிகாட்டுதல்களைக் கலைக்கு எதிரான காவல்துறையாகச் சிலர் சித்திரிப்பது நியாயமன்று. வெறும் அலங்காரமாக நிற்கும் எழுத்துக்கும் இலச்சினையில் உள்ள எழுத்துக்கும் ஒளிர்வு விகித விதி பொருந்தாது என்று அவையே விலக்களிக்கின்றன. எது அலங்காரம், எது செய்தி என்று பிரித்துக்கொள்ளும் பொறுப்பை வடிவமைப்பாளரிடமே விடுகின்றன. கலைப்பள்ளித் தளத்தின் சிக்கலுக்கு இதைவிடப் பொருத்தமான நுழைவாயில் இல்லை. யேல் தளத்தின் பின்னணியில் ஒரு பூனை நடனமாடினால் ஆடட்டும். விதிகள் அச்சிட்ட பெட்டிக்குப் பின்னால் ஒளி ஊடுருவாத ஒரே நிறப் பரப்பு இருக்கிறதா என்பதே கேள்வி. இருப்பின், அழகு பற்றிய விவாதத்தை ஆற அமர நடத்தலாம்.

அசைந்துகொண்டிருக்கும் பொருளை மதிப்பிடுதல்

விக்கித் தளத்தை மதிப்பிடுவதில் இன்னொரு தனிச்சிக்கல் உண்டு. இன்று கண்ட பக்கம் நாளை இராது. திங்களன்று எழுதிய கடுமையான கருத்துரை வியாழனன்று பொருளற்றுப் போகலாம். சுவடிப் பதிப்பில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. எந்த ஏட்டில் எந்தப் பாடம் என்று குறிக்காமல் ‘பாடம் பிழை’ என்பவரை எவரும் பொருட்படுத்துவதில்லை. பாடவேறுபாட்டைக் குறிப்பதுபோலவே, பார்த்த நாள், நேரம், கருவி, உலாவி, திரையின் அகலம் ஆகியவற்றைக் கருத்துரையின் தலைப்பிலேயே எழுதிவிட வேண்டும். திரைப்பிடிப்பும் உடன் இருக்க வேண்டும். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷின் வழியாகப் பழைய தோற்றங்களை ஒப்பிடுவதும் உதவும்.

அதைவிட முதன்மையானது, மாறுவதையும் மாறாததையும் பிரிப்பது. யேல் தளத்தில் பின்னணி மாறும்; இணைப்புப் பட்டியலும் செய்திப் பெட்டிகளின் சட்டகமும் நிலையாக இருக்கும். ஒரு நாள் பின்னணியைப் பழிப்பது அந்த நாளின் மாணவரைப் பழிப்பதாகும். எந்தப் பின்னணி வந்தாலும் செய்தி படிக்கத்தக்கதாக இருக்கும்படி சட்டகம் அமைந்துள்ளதா என்று கேட்பதே வடிவமைப்பைப் பற்றிய கருத்து. தமாஷான ஒரு சித்திரத்தைக் கண்டு கொதிப்பதில் செலவாகும் ஆற்றல் பெரும்பாலும் தவறான முகவரிக்கே செல்கிறது.

கருத்தைச் சொல்லும் முறை

கலைப்பள்ளிகளில் ‘கிரிட்’ எனப்படும் விமரிசன அமர்வு பயிற்சியின் மையம். மாணவர் தம் படைப்பைச் சுவரில் மாட்டிவிட்டு நிற்பார். ஆசிரியரும் உடன்பயில்வோரும் பேசுவர். பல இடங்களில் படைத்தவர் வாய் திறக்கக்கூடாது என்பது எழுதப்படாத விதி. இம்முறையின் கூர்மையும் கொடுமையும் இரண்டும் பேசப்பட்டுள்ளன. நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் வகுக்கத் தொடங்கிய விமரிசன எதிர்வினை முறை, வரிசையை மாற்றியமைத்தது. பார்த்தவர்கள் தம் மனத்தில் பதிந்ததை முதலில் சொல்கின்றனர். அடுத்துப் படைத்தவர் தம் ஐயங்களை வினவுகிறார். பின்னர்ப் பார்த்தவர்கள் தீர்ப்பு கலவாத வினாக்களைக் கேட்கின்றனர். இறுதியாக, படைத்தவரின் இசைவோடு, கருத்தைக் கூறுகின்றனர்.

தீர்ப்பு கலவாத வினா என்பது கேட்பதற்கு எளிது. கேட்டுப் பழகுவது அரிது. ‘ஏன் இவ்வளவு குழப்பமாக வைத்திருக்கிறீர்கள்’ என்பதில் வினாக்குறி இருந்தாலும் அது தீர்ப்பே. ‘முதன்முறை வருபவர் சேர்க்கைப் பக்கத்தை எப்படிக் கண்டடைவார் என்று எண்ணினீர்கள்’ என்பது வினா. யேல் தளம் போன்ற ஒன்றில் இரண்டாவது வினாவுக்கு மட்டுமே பயனுள்ள விடை கிடைக்கும். முதல் வினாவுக்குக் கொள்கை விளக்கம்தான் கிடைக்கும்.

எனினும் லெர்மனின் முறையை முழுமையாக இணையதளத்துக்கு ஏற்றுவதில் இக்கட்டுரையாளருக்கு உடன்பாடில்லை. நடனம் பிடிக்காவிட்டால் பார்வையாளர் எழுந்து போகலாம். விண்ணப்பதாரர் அப்படிப் போக முடியாது. ஒருவர் படிக்க இயலவில்லை என்பதைச் சொல்வதற்குப் படைத்தவரின் இசைவு எதற்கு? ஆகவே இருவகைக் கருத்துகளுக்கு இருவகை நடை வேண்டும். சுவை, மனநிலை, கொள்கை சார்ந்தவற்றில் லெர்மனின் பணிவு தகும். தடைகளைப் பற்றிச் சொல்லும்போது நேர்ப்பேச்சே மரியாதை.

தடைகளை வரிசைப்படுத்த ஜேக்கப் நீல்சனின் கடுமை அளவுகோல் கைகொடுக்கும். குறையே அன்று என்பதற்குச் சுழியம்; வெளியிடுமுன் நீக்கியே ஆக வேண்டிய பேரிடருக்கு 4. அக்குறை எத்தனை பேருக்கு நேரும், நேர்ந்தால் எளிதில் மீள முடியுமா, மீண்டும் மீண்டும் வருத்துமா என்பவற்றைக் கருதி எண் இடப்படுகிறது. மாணவர் கருத்துரைகளில் எல்லாக் குறைக்கும் ஒரே குரல் இருப்பதைக் காணலாம். எழுத்துருப் பொருத்தமின்மையும் விண்ணப்பப் படிவம் திறவாமையும் ஒரே பத்தியில், ஒரே வருத்தத்தோடு நிற்கும். பெறுபவர் எளிதானதை முதலில் திருத்துவார். எழுத்துரு மாறும், படிவம் திறக்காது.

மாதிரிக்கு ஒன்று. ‘பின்னணி மிகவும் மோசம், மாற்றவும்’ என்பதற்கு மாற்றாக இவ்வாறு எழுதலாம்: ‘கைப்பேசியில் உதவித்தொகைப் பக்கத்தைத் திறந்தேன். இரண்டாம் பத்தியின் எழுத்து, அசையும் படத்தின் சிவப்புப் பகுதியின்மேல் வரும்போது மறைந்துவிடுகிறது. விண்ணப்பிக்கும் தகுதி அப்பத்தியில்தான் உள்ளது. கடுமை 3. பெட்டிக்குத் திண்மையான நிறம் கொடுத்தால் பின்னணியை மாற்றாமலே இது தீரும்.’ இரண்டாவது கருத்துரை நீளமானது. எழுதுவதற்குக் கால் மணி நேரமாவது ஆகும். ஆனால் அதில் மாணவரின் பின்னணி உரிமைக்கும் விண்ணப்பதாரரின் படிக்கும் உரிமைக்கும் இடையே சண்டை எழவில்லை. தீர்வைச் சொல்லலாமா, குறையை மட்டும் சொல்லி நிறுத்த வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வடிவமைப்பாளரின் வேலையை மதிப்பீட்டாளர் எடுத்துக்கொள்ளலாகாது என்பர். ஒற்றை வரியில் அடங்கும் தீர்வாயின் சொல்லிவிடுவதில் தவறில்லை என்றே தோன்றுகிறது. சொன்னதை ஏற்காதபோது மனம் வருந்தாமல் இருந்தால் போதும்.

பாராட்டும் இதே துல்லியத்தைக் கேட்கிறது. யேல் தளத்தின் சிறப்பு, கடைசியாகத் திருத்தியவரைப் பக்கத்தின் அடியில் குறித்தது. பல்கலைக்கழகத் தளங்களில் செய்தியை யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பது தெரிவதே இல்லை. சென்ற ஆண்டின் கட்டணம் இந்த ஆண்டின் கட்டணம்போல் நிற்கும். பொறுப்பேற்கும் பெயரைப் பக்கத்திலேயே காட்டிய அந்த வழக்கம், அசையும் படங்களின் ஆரவாரத்தில் கேலி செய்தோரின் கண்ணில் படவில்லை. பிற நிறுவனங்கள் இத்தளத்திலிருந்து கடன் பெறத்தக்க பகுதி அதுவே.

அதே குறிப்பில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. திருத்தும் உரிமை பெற்றோர் பட்டியலில் மாணவர், ஆசிரியர், பணியாளர், முன்னாள் மாணவர் இருக்கின்றனர்; விண்ணப்பிக்க எண்ணுபவர் இல்லை. உள்ளே இருப்பவருக்குப் பின்னூட்டம் என்பது பக்கத்தையே திருத்திவிடுவது. வெளியே இருப்பவர் கடிதம் எழுத வேண்டும், அல்லது பேசாமல் இருந்துவிட வேண்டும். எனவே இத்தகைய தளத்தை மதிப்பிட முற்படும் மாணவர் வண்ணத்தைப் பற்றி ஒரு சொல் எழுதுமுன், அப்பள்ளியைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் விலை குறைந்த ஒரு கைப்பேசியைக் கொடுத்து, கடைசி நாள், கட்டணம், உதவித்தொகைத் தகுதி ஆகிய மூன்றையும் கண்டுபிடிக்கச் சொல்லி, அவர் தட்டித் தடுமாறும் இடங்களைப் பக்கத்திலிருந்து பேசாமல் குறித்துக்கொள்வது நல்லது. கருத்துரையின் முதல் பக்கத்துக்கு அக்குறிப்புகளே போதும்.